ஹைதராபாத் பலகை, கிள்ளான் பள்ளத்தாக்கு இடி

ஜப்பானிய ஹேம் ரேடியோப் பெட்டியைக் கடையிலிருந்து வாங்கி வந்து ஆன்டெனா ஒயரைச் சொருகினால் அன்று மாலையே பேசத் தொடங்கிவிடலாம். அப்படியிருக்க, பச்சைப் பலகையும் கொத்துக் கொத்தாக ஒயருமாக வரும் டிரான்சீவர் கிட்டை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? மலிவு என்பது பாதி பதில்தான். பெட்டி, மின்வழங்கி, மைக், ஆன்டெனா என்று கணக்குப் போட்டால் பழைய ஜப்பானியப் பெட்டியின் விலை அதிகத் தொலைவில் இருக்காது. ‘நானே கட்டினேன்’ என்ற பெருமையும் இன்று முழு உண்மையாக நிற்பதில்லை. பலகையில் உள்ள பாகங்களை எந்திரமே பற்றவைத்து அனுப்பிவிடுகிறது. என் கணிப்பில் கிட்டின் மதிப்பு அதன் குறைகளில் இருக்கிறது. மூடிய பெட்டியில் குறை இருந்தால் வாங்கியவர் சகித்துக்கொள்வார். கிட்டில் குறை இருந்தால் சுற்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திருத்தலாம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் செய்ய வேண்டிய திருத்தங்கள், அமெரிக்கரும் ஐரோப்பியரும் எழுதிவைத்த பட்டியலிலிருந்து கணிசமாக வேறுபடுகின்றன. இக்கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

இந்த மண்ணில் வானொலியைத் தொடங்கிவைத்தவர்களே பொழுதுபோக்காளர்கள்தாம். 1921இல் ஜொகூர் அரசின் மின் பொறியாளர் ஏ.எல். பர்ச் முதல் வானொலிக் கருவியை நாட்டுக்குள் கொண்டுவந்தார். ஜொகூரிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் எழுந்தன. கோலாலம்பூர்ச் சங்கம் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பியது. அரசு ஒலிபரப்பான ரேடியோ மலாயா வந்தது 1946இல். விடுதலைக்கு முன் மலாயா ஹேம்களின், அதாவது அமெச்சூர் வானொலியாளர்களின், அழைப்புக்குறி ‘விஎஸ்2’ என்று தொடங்கும். பிறகு அது ‘9எம்2’ ஆயிற்று. தொடக்கநிலை வகுப்பாருக்கு நெடுங்காலமாக ‘9டபிள்யூ2’. விண்வெளி வீரர் ஷேக் முஸ்ஸஃபர் 2007 அக்டோபரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து ஹேம் ரேடியோவில் பேசியபோது வைத்திருந்த குறி 9டபிள்யூ2எம்யூஎஸ்.

கிட் என்றதும் மூத்தவர்கள் அமெரிக்காவின் ஹீத்கிட்டைச் சொல்வார்கள். 1947இல் மின்னணுக் கிட் விற்கத் தொடங்கிய அந்த நிறுவனம் 1992இல் கிட் தொழிலைக் கைவிட்டது. ஆயத்தப் பெட்டிகள் எந்திரக் கைகளால் மலிந்தபின், உதிரியாகப் பாகங்களை எண்ணிப் பொட்டலம் கட்டி விற்பது கட்டுப்படியாகவில்லை. கிட் கலாசாரம் செத்தது என்று பலர் எழுதினார்கள். அதைத் திரும்ப எழுப்பியவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து ஆள்: ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான், அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்ஈ என்று வானலையில் எல்லாரும் அறிந்தவர்.

2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ்20 சுற்று எளிய கேள்வியிலிருந்து பிறந்தது. இந்தியச் சிறு நகரத்து டிவி ரிப்பேர்க் கடையில் கிடைக்கும் பொருள்களை மட்டும் வைத்து, 14 மெகாஹெர்ட்ஸில் குரலால் பேசும் கருவியைக் கட்ட முடியுமா? சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டர்கள், டிவி ஆன்டெனாவின் பாலன் கருவிலிருந்து எடுத்த ஃபெரைட், விலை குறைந்த 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள். சுருள் சுற்றக் குழாய் வாஷர்! வெளியே அனுப்பும் வேலைக்கு ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட். அது மின்வழங்கிகளில் சுவிட்சாக வேலை செய்யப் பிறந்தது, வானொலிக்கு அல்ல. ஏறத்தாழ 6 வாட் வந்தது. ஒரே ஆம்ப்ளிஃபயர் வரிசை, கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்யும்படி அமைத்ததில்தான் அந்தச் சுற்றின் அழகு இருக்கிறது. பாகங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம். கோலாலம்பூரில் அதே வேலைக்குப் புடு பக்கம் ஜாலான் பாசாரில் ஏறி இறங்க வேண்டும்.

பிட்எக்ஸ்20இன் பலவீனம் அதன் அலையாக்கி. சுருளும் மின்தேக்கியுமாக அமைந்த அலையாக்கி வெப்பத்துக்கு ஏற்ப நகரும். ஏர்கோன் அறையிலிருந்து வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டு போனால் பேச்சு நடுவிலேயே குரல் தடித்தோ கீச்சிட்டோ மாறிவிடும். 2016இல் வந்த பிட்எக்ஸ்40 பலகை அதற்கு முடிவு கட்டியது: ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினியும் எஸ்ஐ5351 என்ற அலையாக்கிச் சில்லும் சேர்ந்த ‘ராடுயினோ’ என்ற துணைப் பலகை அலைவரிசையைப் பிடித்து நிறுத்தியது. 7 மெகாஹெர்ட்ஸில் 7 வாட். பலகை ஆயத்தமாகவே வந்தது. சுருள்களைப் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றித் தந்தது. வாங்கியவர் பிடி, பொத்தான், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஒயர் இழுத்தால் போதும்.

பழைய கைகள் சிலர் முகம் சுளித்தார்கள். பற்றவைக்காமல் என்ன கிட்? இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. நானூறு இடங்களில் ஈயம் வைத்தவருக்குப் பொறுமை வளர்ந்திருக்கும். எஸ்எஸ்பி என்ற ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாறாக, பிட்எக்ஸ்40 வாங்கி, குரல் மூக்கடைத்தது போல் கேட்கிறதே என்று பிஎஃப்ஓ என்ற துணை அலையாக்கியின் அலைவரிசையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்தவர், கிரிஸ்டல் வடிகட்டியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுகிறார். விளிம்புக்கு உள்ளே அதிகம் போனால் கட்டைக் குரல் கூடுதலாகும், வெளியே போனால் தகரக் குரல். கைப்பேசியில் ஒலி நிறமாலை காட்டும் செயலி ஒன்றைத் திறந்துவைத்து வெற்று இரைச்சலின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மூடிய பெட்டி வாங்கியவருக்கு இந்தப் பாடம் நடக்க வாய்ப்பே இல்லை.

2017 டிசம்பரில் மைக்ரோபிட்எக்ஸ் வந்தது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுச் சிற்றலைப் பரப்பு, சுமார் 10 வாட், விலை 109 டாலர். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மேசைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. போன சில மாதங்களில் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதைத்தான் இந்தக் கருவியின் மிகச் சுவையான அத்தியாயமாக நான் கருதுகிறேன்.

முதலில், ஒலி ஆம்ப்ளிஃபயர்ச் சில்லின் ஒரு தொகுதி தாங்காமல் வெடித்தது. அது சிறிய தலைவலி. பெரியது, கருவி அனுப்பும் அலையின் தூய்மை. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வேண்டாத அலைகள் முதன்மை அலையைவிடக் குறைந்தது 43 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 10 வாட்டுக்கு அது அரை மில்லிவாட். மைக்ரோபிட்எக்ஸின் முதல் பதிப்புகள் அதில் தோற்றன, இரண்டு தனித்தனிக் காரணங்களால். தாழ்ந்த பட்டைகளில், இரட்டிப்பு மும்மடங்கு அலைகளைத் தடுக்க வேண்டிய வடிகட்டிகளை ரிலேக்களே சுற்றிக் கடத்திவிட்டன. உள்ளே நுழையும் தடமும் வெளியேறும் தடமும் ஒரே ரிலேக்குள் நெருங்கி நின்றதால் அலை பக்கவாட்டில் தாவியது. வடிகட்டியில் குற்றமில்லை, அதைச் சுற்றி வழி இருந்தது. 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 14.2, 21.3, 28.4இல் எதிரொலி, எல்லாம் ஹேம் பட்டைகளே என்பதால் முதலில் எரிச்சலடைந்தவர்கள் சக ஹேம்கள்.

உயர்ந்த பட்டைகளில் நடந்தது வேறு. கருவியின் முதல் இடைநிலை அலை 45 மெகாஹெர்ட்ஸ். அனுப்பும் அலை அதோடு மறுபடி கலந்து, 45இலிருந்து அதைக் கழித்தால் வரும் இடத்தில் ஒரு பேய் அலை எழும்பியது. 28.5 மெகாஹெர்ட்ஸில் பேசினால் பேய் 16.5 அருகே நிற்கும். அந்த இடம் 16 மெகாஹெர்ட்ஸ் கப்பல் பட்டைக்குள் இருக்கிறது. கப்பல்கள் ஆபத்தில் குரல் கொடுக்கும் 16.420 மெகாஹெர்ட்ஸும் அங்கேதான். கிள்ளான் துறைமுகத்துக்குப் பத்து கிலோமீட்டரில் குடியிருப்பவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யார் கண்டுபிடித்தார்கள்? வாங்கியவர்களேதான். நிறமாலை அளவி வைத்திருந்தவர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள், இல்லாதவர்கள் நம்ப மறுத்தார்கள், சில வாரம் சூடு பறந்தது. பிறகு ஒருவர் ரிலேக்களைப் பிடுங்கி வேறு ரிலே போட்டார், இன்னொருவர் தடத்தை வெட்டிக் கோஆக்ஸியல் ஒயர் இழுத்தார், மூன்றாமவர் சுருளை மாற்றினார். சுற்றும் நிரலும் திறந்தே இருந்ததால் எல்லாம் முடிந்தது. 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரிலே அமைப்பே மாற்றி வரையப்பட்டிருந்தது. இன்று பழைய மூன்றாம், நான்காம் பதிப்புப் பலகை யாரிடமாவது கிடைத்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தத் திருத்தத்தைச் செய்தாக வேண்டும். அதுவரை கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அளக்கக் கருவி இல்லை என்ற சாக்கும் இப்போது எடுபடாது. டைனிஎஸ்ஏ போன்ற கையடக்க நிறமாலை அளவி சில நூறு ரிங்கிட்டுக்கு வந்துவிட்டது. நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒன்று வாங்கினால் பத்து வருடம் போதும்.

இனி நம் ஊருக்கே உரிய திருத்தங்கள். வெளிநாட்டு ஹேம்களின் பட்டியலில் முதலிடம் ஏஜிசிக்கு, அதாவது ஒலியளவைத் தானே கட்டுப்படுத்தும் சுற்றுக்கு. பிட்எக்ஸ்40இலும் மைக்ரோபிட்எக்ஸின் தொடக்கப் பதிப்புகளிலும் அது இல்லை. மெல்லிய குரலுக்குக் காது கொடுத்திருக்கும்போது பலத்த நிலையம் வந்தால் செவி கிழியும். குளிர் நாட்டில் அது நியாயமான முதலிடம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருநூறு நாள் அளவில் இடி முழங்குகிறது. உலகிலேயே மின்னல் அடர்ந்த பகுதிகளில் சுபாங் ஒன்று. இங்கே ஏஜிசியைப் பிடித்துக்கொள்வது பேச்சல்ல, மின்னலின் சடசடப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் சுற்று ஒலியைத் தாழ்த்தி, மெதுவாக மீட்டு, அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். நடுவில் பேசியவர் காணாமல் போவார். மழைக்காலப் பிற்பகலில் ஏஜிசியைவிட, தலையணிபேசியின் குறுக்கே எதிரெதிர்த் திசையில் இணையாக வைக்கும் இரண்டு 1என்4148 டயோடு நன்றாக வேலை செய்யும். அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே போகும் எதையும் அவை நறுக்கிவிடும், பின்னால் இழுபறி கிடையாது. விலை சில்லறைக் காசு. ஏஜிசி வேண்டியவர்கள் அதையும் சேர்க்கட்டும், ஆனால் அணைக்க ஒரு சுவிட்சோடு.

மின்னல் நேரடியாக விழுந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. ஆன்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். தூரத்து மின்னலும் மழைத்துளியும் ஒயரில் ஏற்றிவைக்கும் நிலைமின்னூட்டத்தை வடிக்க, ஆன்டெனாவுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு லட்சம் ஓம் தடை ஒன்று வைப்பது நல்லது. கருவியின் முன்முனைக்கு அது ஆயுளைக் கூட்டும்.

அடுத்த சிக்கல் ஒலிபரப்பு நிலையங்கள். நம் வட்டாரத்தில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஹேம்களுக்கு. அதற்கு மேலே சீனத்து ஒலிபரப்புகள் மாலையில் இடித்துக்கொண்டு நிற்கும். சுவாரா மலேசியா 1963இல் தொடங்கியது முதல் சிற்றலைக்கு இங்கே பழக்கம் உண்டு. காஜாங்கிலிருந்து ஆர்டிஎம் 7295 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த காலத்தில், பள்ளத்தாக்கில் இருந்த எளிய ரிசீவர் எதுவும் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்து ஹேமைக் கேட்பது பெரும்பாடு. மைக்ரோபிட்எக்ஸின் வாசலில் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் வருவதையெல்லாம் விடும் வடிகட்டி மட்டுமே இருக்கிறது. எனவே 40 மீட்டர் எனப்படும் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கென்று தனியே ஒரு பட்டை வடிகட்டி, இரண்டு டொராய்டுச் சுருளும் சில மின்தேக்கியும் சேர்ந்தது, ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வைப்பது இங்கே ஆடம்பரமல்ல. ஒற்றைப் பட்டைக் கருவியான பிட்எக்ஸ்40இல் இது பலகையிலேயே உண்டு. அதனால்தான் முதல் கிட்டாக அதுபோன்ற ஒற்றைப் பட்டைக் கருவியையே நான் சொல்வேன்.

சூடும் இருக்கிறது. எஃப்டி8 என்ற கணினி வழி முறையில் பதினைந்து விநாடிச் சுற்றுக்கு 12.6 விநாடி முழு ஆற்றலோடு அனுப்ப வேண்டும். பேச்சில் ஐஆர்எஃப்510 மூச்சு வாங்கிக்கொள்ளும்; எஃப்டி8இல் முடியாது. முப்பத்துமூன்று டிகிரி பிற்பகலில், கிட்டோடு வரும் சின்ன வெப்பத் தட்டை நம்பினால் மாஸ்ஃபெட் போய்விடும். பெரிய தட்டும் பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறியும் போட்டு, ஆற்றலைப் பாதியாக்கினால் பிழைக்கும். எதிர்மாறாக ஒயரை இணைத்தால் காக்கும் டயோடும் ஃப்யூஸும் பலகையில் இல்லை. அவற்றை முதல் நாளே போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பலரும் ஆசைப்படும் ஒரு திருத்தம் வீண். பிட்எக்ஸ்40இல் ஆற்றல் பகுதிக்கு மட்டும் தனி மின்வாய் உண்டு. அதற்கு 24 வோல்ட் கொடுத்தால் 7 வாட் 20 வாட்டாகும். காகிதத்தில் மூன்று மடங்கு. கேட்பவரின் எஸ்-மீட்டரில் அது நான்கரை டெசிபெல், ஒரு எஸ் அளவுகூட இல்லை. அந்த உழைப்பை வீட்டு இரைச்சலைக் குறைக்கச் செலவிட்டால் பலன் பல மடங்கு. எல்இடி விளக்குகள், கைப்பேசி சார்ஜர், கூரைச் சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் இரைகின்றன. ஃபெரைட் வளையங்களும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் கேட்டுப் பார்க்கும் சோதனையும் ரேடியோவுக்கு வெளியே செய்யும் திருத்தங்கள். ஆனால் அவற்றைவிட்டு உள்ளே எதைத் தோண்டினாலும் கேட்பு உயராது.

ஆன்டெனாவில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸ் அரை அலை ஒயர் இருபது மீட்டர். இங்கே வழக்கமான மாடி வரிசை வீட்டின் மனை 22க்கு 75 அடி, அதாவது நீளவாட்டில் ஏறக்குறைய இருபத்துமூன்று மீட்டர். முன்வாசல் கம்பத்திலிருந்து பின்சந்துச் சுவர் வரை ஒயர் சரியாக உட்காரும். ஏழெட்டு மீட்டர் உயரம் இந்த அலைவரிசைக்குத் தாழ்வு, அலை பெரும்பாலும் நேர் மேலே போய்த் திரும்பி விழும். அதனால் பினாங்கும் ஜொகூர்பாருவும் பகலிலேயே தெளிவாகக் கிடைக்கும்; பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கும் நமக்கு மேல்வளி அடுக்கு பகலில் அடர்த்தியாக இருப்பதும் துணை. சென்னை வேறு கணக்கு. ஏறத்தாழ 2600 கிலோமீட்டர், தாழ்ந்த கோணம் வேண்டும், இரு முனையிலும் சூரியன் இறங்கியிருக்க வேண்டும். சென்னையில் பொழுது சாயும்போது இங்கே மணி எட்டே காலிலிருந்து ஒன்பதே காலுக்குள். 7 வாட்டோடு அதற்கு முன் கூப்பிடுவது பெரும்பாலும் தொண்டை வலிதான். 14 மெகாஹெர்ட்ஸ் பலகை இருந்தால் பிற்பகலே போதும், அதே ஒயர் உயரமும் அங்கே ஓரளவு சரியாகிவிடும். அடுக்குமாடிவாசிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் நிர்வாகக் குழுவிடம் பால்கனியில் ஒயர் தொங்கவிட அனுமதி கேட்பது, ரேடியோ கட்டுவதைவிடக் கடினமான கலை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கேட்பது வேறு, அனுப்புவது வேறு. அனுப்ப, தொடர்புத் துறை ஆணையமான எம்சிஎம்சியின் அமெச்சூர் தேர்வில் தேறி, இயக்குநர் சான்று பெற்று, பிறகு கருவிக்கான ஒதுக்கீட்டு உரிமம் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் தொடர்புக் கருவிகளுக்குச் சிரிம் சான்று கேட்கப்படும் என்பதால், ஆர்டர் போடும் முன் விசாரித்துக்கொள்வது உத்தமம். தேர்வுப் பாடமும் கிட்டும் ஒன்றையொன்று விளக்கும். ‘இரட்டிப்பு அலை’ என்ற கேள்விக்கு மைக்ரோபிட்எக்ஸின் கதையைவிட நல்ல விடை கிடையாது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்தமானில் அழைப்புக்குறி வியூ4ஆர்பிஐ உடன் பாரதி பிரசாத் உலக ஹேம்களோடு பேசுவதற்கான வானலைப் பயணம் நடத்திக்கொண்டிருந்த வேளையில் சுனாமி வந்தது. தொலைபேசி விழுந்த போர்ட் பிளேரிலிருந்து அந்தக் குழுவின் சிற்றலைதான் செய்தி சுமந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மாடியில் காத்திருந்தவர்களின் கைப்பேசி பேட்டரி தீர்ந்த கதை நமக்கு இன்னும் பழசாகவில்லை. என்றாலும் பேரிடரைக் காட்டி கிட்டை விற்பது எனக்கு ஒப்பாது. வெள்ளத்தில் வேலை செய்ய வேண்டிய கருவி சோதித்த ஆயத்தப் பெட்டியாக இருப்பதே நல்லது. கிட் தருவது அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளை.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாத ஒரு திருத்தம், பார்வையற்றோருக்கானது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. நடைபாதைகளில் கோலுக்கு வழிகாட்டும் மேட்டுக்கோடுகள் பதித்த பகுதி அது. பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு ஹேம் ரேடியோ கற்பிக்க ஹேண்டிஹாம் திட்டம் அமெரிக்காவின் மினசோட்டாவில் 1967இலேயே தொடங்கிவிட்டது. காதாலும் விரலாலும் செய்யும் பொழுதுபோக்கு என்பதால் உலகெங்கும் அவர்களில் ஹேம்கள் உண்டு. ஆனால் கிட்டுகளின் போக்கு எதிர்த்திசையில். மைக்ரோபிட்எக்ஸின் ஆறாம் பதிப்பு தொடுதிரைக்குப் போனது. வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. பழைய பதிப்பிலோ ஒரு சுழற்பிடி, அதை அழுத்தினால் பட்டியல். திரை சிறியது, அதுவும் கண்ணுக்கு மட்டும். அதே ராடுயினோவில் மோர்ஸ் அனுப்புகையில் அனுப்புபவருக்கே கேட்கும் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஒரு கால் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறது. பிடியை ஒரு நொடி அழுத்தினால் அலைவரிசையை மோர்ஸில் ஒலித்துக் காட்டும்படி நிரலில் சேர்க்கலாம். ஈயம் தேவையில்லை, புதுப் பாகமும் தேவையில்லை. பத்து இலக்கங்களின் மோர்ஸ் வடிவம் நானோவின் 32 கிலோபைட் நினைவில் ஒரு மூலையில் அடங்கும். மோர்ஸ் தெரியாதவருக்கு, எண்களைப் பேசும் சிறு ஒலிச் சில்லு ஒன்றை இணைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பாகம் ஜாலான் பாசாரிலேயே தேடலாம். பட்டை மாறியதற்கு ஒரு ஒலி, பக்கப்பட்டை மாறியதற்கு இன்னொன்று, பட்டியலின் முனைக்கு வந்ததற்கு ஒரு தாழ்ந்த ஒலி என்று எது எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் தாமாக முடிவு செய்யாமல், பிரிக்ஃபீல்ட்ஸில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதலாம்.